சட்டையில் இல்லாத கோடு

முதலில் பழி விழுந்தது பெல்ட்டின் மேல். அடுத்து சோப்புத் தூளின் மேல். பாவம், இரண்டுமே ஒன்றும் அறியாதவை.

அவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷமாக ஒரே டெப்போ, அதிலே பதினோரு வருஷம் ஒரே தடம், ஏழாம் நம்பர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர் கையில் இருக்கும் டீ தளும்பாது. அதனால் பயணிகள் அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பஞ்சு வண்டியா? அப்ப நின்னுட்டே போலாம்" என்பார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாரே தவிர, அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அவர் மனைவிக்குச் சலவைக் கடையில் கறை பார்க்கிற வேலை. வருகிற துணியை விளக்குக்கு நேரே பிடித்து, இது டீ, இது மை, இது எண்ணெய், இது ரத்தம், இது என்னவென்று கொண்டுவந்தவர் சொல்ல விரும்பாதது என்று பிரித்து, அதற்குத் தக்கபடி மருந்து தொட்டுத் தேய்த்து இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு இருநூறு உருப்படி கை மாறும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பொட்டுக் கறை வெளியே போனதில்லை என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்வார்.

அப்படிப்பட்ட இரண்டு கெட்டிக்காரர்களும் சேர்ந்துதான் ஆறு நாளைக் கோட்டைவிட்டார்கள்.

வலது பக்க முதுகில் ஆரம்பித்து, அக்குளுக்குக் கீழே வளைந்து நெஞ்சு நடுவரைக்கும் ஒரு எரிச்சல். பட்டை கட்டின மாதிரி. மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்தது. "சீட் பெல்ட் உரசுது. புது வண்டில பெல்ட் நாடா முரடா இருக்கு" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பவுடர் போட்டு, கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

"பெல்ட்டாவது ஒண்ணாவது. கடையில புதுத் தூள் வந்திருக்கு, அதுல கொஞ்சம் கொண்டுவந்து உங்க சட்டையை அலசினேன். அதுதான் ஒத்துக்கல" என்றாள் இவள்.

"எனக்குத் தெரியாதா என் உடம்பு? பெல்ட்டு போற தடம்தான் எரியுது."

"எனக்குத் தெரியாதா என் சோப்பு?"

இந்த அழகில் நாள் போயிற்று. ஆறாம் நாள் கொப்புளம் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, சட்டையில் நீர் ஒட்டியபோதுதான் இருவருக்கும் வாய் அடைத்தது. தெருமுனைக் கிளினிக்கில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள்: அக்கி. மூன்று நாளுக்குள் வந்திருந்தால் மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்திருக்கும் என்றும் சொன்னார்கள். ஒரு வாரம் மாத்திரை, மூன்று வாரம் லீவு. கொப்புளம் காய்ந்தது, பொருக்கு உதிர்ந்தது, தோல் மூடியது. அவர் வேலைக்குத் திரும்பினார். எல்லாம் போயிற்று, வலி மட்டும் போகவில்லை.

அதுதான் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. புண் இருந்தால் வலிக்கும், நியாயம். புண்ணே இல்லாத இடத்தில் என்ன வலி? அங்கங்கே வெளிறின தழும்பு, அவ்வளவுதான். ஆனால் மனுஷன் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார். ஃபேனைப் போடச் சொல்வார், காற்று மேலே பட்டதும் "நிறுத்து நிறுத்து" என்று கத்துவார். சட்டையைக் கழற்றுவார், கழற்றிய இடத்தில் ஜன்னல் திரை லேசாக உரசினால் துள்ளுவார். சமையலறையிலிருந்து வாசல் கதவுவரை பதினாலு அடி, வாசல் கதவிலிருந்து சமையலறைவரை பதினாலு அடி. பொழுது சாய்ந்தால் இந்த நடைதான்.

"அப்பா, கீழ் வீட்டுக்காரங்க கேக்குறாங்க, வீட்டுக்குள்ளயே பஸ் ஓட்டுறீங்களான்னு" என்பாள் மகள். அவள் பேக்கரியில் வேலை பார்க்கிறவள். மிஞ்சின ரொட்டியோடு வாயையும் கொண்டுவருவாள்.

"ஓட்டுறேன். ஏறுறியா?"

"எப்படிப்பா இருக்கும் வலி?"

"சொன்னா நம்ப மாட்டே. பெரிசா அடிச்சா தாங்கிடலாம்போல. சட்டை தொட்டாத் தாங்கல. சும்மா இருக்கும்போதே திடீர்னு யாரோ சுடுகம்பியை உள்ள விட்டு இழுக்குறான். இழுத்துட்டு அவன் போயிடுறான். எப்ப வருவான்னு தெரியாது. அதுதான் பாடாப் படுத்துது."

தட்டில் வைத்த ஆம்லெட் பாதியிலேயே ஆறிப்போகும். டீயைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார். மனைவி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். சலவைக்குப் போட்டவர் வாங்கிக்கொண்டு போகாமல் கடையில் கிடந்த ஒரு கோட் சூட்டின் உள்பட்டு வழுவழுவென்று இருந்தது. முதலாளியிடம் கேட்டு அதைப் பிரித்தெடுத்து, அவருடைய ஐந்து சட்டைக்கும் வலது பக்கம் உள்ளே வைத்துத் தைத்தாள். துணி உரசாமல் நழுவியது. கொஞ்சம் தேவலை என்றார். கிளினிக்கில் நரம்புக்கு என்று தனி மாத்திரை எழுதித் தந்தார்கள். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. "அது வேஸ்ட்டு. ஒண்ணும் கேக்கல" என்று அதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நாலாவது மாதம், ஒரு புழுக்கமான மத்தியானம், கடையில் அவள் மேஜைக்கு ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. விளக்குக்கு நேரே பிடித்தாள். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக நாலு விரல் அகலத்தில் சாம்பல் நிறக் கோடு.

"என்னக்கா இது, கோணலா ஒரு கோடு?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

"டிரைவர் சட்டைம்மா. பெல்ட் அழுக்கு. வேர்வையும் தூசியும் சேர்ந்து அப்படியே பதிஞ்சிரும். இது லேசுல போகாது. எங்க வீட்டுல இருபத்தாறு வருஷமா இதைத்தான் தேய்க்..."

கையில் பிரஷ் அப்படியே நின்றது.

கடைசியாக அந்தக் கோட்டை வீட்டில் எப்போது தேய்த்தாள்? போன வாரமா? இல்லை. போன மாதமா? அதுவும் இல்லை. அவர் லீவு முடிந்து வேலைக்குப் போனதிலிருந்து ஒரு சட்டையிலும் கோடு இல்லை. கழுத்துப்பட்டை அழுக்கு இருந்தது, கைமுனை அழுக்கு இருந்தது, கோடு மட்டும் இல்லை. உள்ளே பட்டு வைத்ததால் வேர்வை குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷப்படக்கூடச் செய்தாள், மகராசி! இருக்கிற கறையைத் தேடிப் பழகிய கண், இல்லாத கறையை எங்கே பார்க்கும்? அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் கை ஒரு கறையையும் ஒழுங்காகத் தேய்க்கவில்லை.

வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மழுப்பிவிடுவார். தினமும் காலை ஏழு பத்துக்கு அவருடைய வண்டியில்தான் அவள் வேலைக்குப் போவாள். வழக்கமாகப் பின்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடுகிறவள், மறுநாள் முன்வரிசையில், அவரைச் சாய்வாகப் பார்க்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவர் ஏறி வந்தார். பெல்ட்டை இழுத்தார், கொக்கியில் மாட்டினார். பிறகு, மாட்டிய பெல்ட்டின் முன்னால் உட்கார்ந்தார். நாடா முதுகுக்குப் பின்னால் கிடந்தது. பெல்ட் போடாவிட்டால் கத்துகிற எச்சரிக்கை மணி ஏமாந்து வாயை மூடிக்கொண்டது. எத்தனை நாள் பழக்கமோ, ஒரு நொடியில் முடிந்த காரியம்.

அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வலது முழங்கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கியே வைத்திருந்தார். தோள் ஒரு பக்கம் ஏறி இருந்தது. வெளியே காற்று பிடுங்கி எடுத்தது. காகிதமும் சருகும் சாலையில் ஓடின. டிரைவர் பக்கத்து ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே பாயும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது.

தபால் ஆபீசுக்கு முன்னால் அது நடந்தது. சுடுகம்பிக்காரன் வந்தான் போலிருக்கிறது. அவருடைய இடது கை சடாரென்று ஸ்டியரிங்கை விட்டு வலது விலாவைப் பிடித்தது, தலை குனிந்தது. குனிந்த அந்த ஒரு நொடியில், சாலை கடக்கிற வெள்ளைக் கோடுகளில் ஊன்றுகோலோடு ஒரு கிழவர் இறங்கியிருந்தார்.

"என்னங்க!" என்று அவள் அலறினாள்.

பிரேக் விழுந்தது. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். யாருடைய பையோ கிழிந்து ஆரஞ்சுப் பழங்கள் முன்பக்கம்வரை உருண்டன. கிழவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. பெல்ட் இல்லாத அவர் அப்படியே முன்னால் போய் ஸ்டியரிங்மேல் விழுந்தார். நெஞ்சு ஹாரன்மேல் அழுந்தியது. ஹாரன் விடாமல் அலறியது. அவரால் எழுந்திருக்க முடியாததால் அது நிற்கவில்லை. கிழவர் வண்டியைப் பார்த்துக் கோலை ஆட்டித் திட்டிக்கொண்டே தாண்டிப்போனார்.

கடைசியில் அவர் நிமிர்ந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"என்ன பஞ்சு, இன்னைக்கு இரும்பாயிட்டே?" என்றார் ஒருவர், பழம் பொறுக்கிக்கொண்டே. நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். குரலைத் தாழ்த்தி, "பெல்ட்டைப் போடுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். நாடாவை முன்னால் இழுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டினார். கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் மூன்று நிறுத்தம். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். மூன்று நிறுத்தமும் அவர் கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டே இருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. போடச் சொன்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது, அந்த மனுஷன் நாலு மாதமாக எதைக் கண்டு ஒளிந்திருக்கிறார் என்று. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட இருந்தது. இருந்தும் "கழட்டுங்க" என்று அவள் சொல்லவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. அவர் முதல் காரியமாகக் கொக்கியை விடுவித்தார்.

"எத்தனை நாளா?"

"லீவு முடிஞ்சு சேர்ந்த நாள்ல இருந்து."

"மாத்திரை? அதையாவது ஒழுங்காப் போடுறீங்களா?"

அவர் வெளியே பார்த்தார். "லீவு நாள்ல போடுறேன்."

"லீவு நாள்லயா! வாரத்துக்கு ஒரு நாளா? தினமும்னுல்ல எழுதிக் குடுத்தாங்க?"

"தினமும் போட்டா கண்ணைச் சொக்குது. சொக்கிட்டே நாப்பது பேரை ஏத்திட்டுப் போகச் சொல்றியா? நானும் யோசிச்சுத்தான் செய்றேன்."

"ரொம்ப நல்லா யோசிச்சீங்க. டெப்போல சொல்லியிருக்கலாம்ல, இப்படி இருக்குன்னு?"

அவர் இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, முதலுதவிச் சாமானுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதோடு மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதம். மாத்திரைப் பெட்டியில் வருமே, பொடி எழுத்தில் ஒரு காகிதம், அது.

"படி. முதல் வரியைப் படி."

அவள் தூரப் பிடித்துப் படித்தாள். வலிப்பு நோய்க்கான மருந்து என்றுதான் முதல் வரியில் போட்டிருந்தது.

"வலிப்பு மாத்திரை சாப்பிடுற டிரைவர்னு ஒருத்தன் எழுதிட்டா முடிஞ்சுது. லைசென்ஸைப் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"உங்களுக்கு வலிப்பே கிடையாதே!"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியுமா? ஸ்டியரிங்கை விட்டு ஒரு தடவை இறக்கிட்டா மறுபடி ஏத்த மாட்டாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். அம்பத்தி நாலு வயசுல நான் வேற என்ன வேலைக்குப் போவேன்? வேற என்ன தெரியும் எனக்கு?"

அவளுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது, அழ வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இருக்கைகளுக்கு நடுவே ஒரு ஆரஞ்சு இன்னும் கிடந்தது. அதை எடுத்துப் புடவையில் துடைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டியில ஏறினா நான் கண்ணை மூடிக்குவேன். தூங்குறதுக்கு இல்ல. நீங்க ஓட்டுறீங்க, இனிமே எனக்கு என்ன கவலைன்னு. அந்தக் கால் மணி நேரம்தான் நாள் பூரா எனக்கு நிம்மதி. இன்னைக்கு அந்தப் பெரியவர் குறுக்க வந்தப்ப..." ஆரஞ்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "இறங்கிடணும்னு தோணிச்சுங்க. உங்க வண்டில இருந்து."

அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். சாவியைப் பிடுங்கினார். டைம் கீப்பர் அறைக்கு நடந்தார். ஜன்னல் வழியாகச் சாவியை வைத்து, "அடுத்த டிரிப்புக்கு வேற ஆளைப் போடுங்க. நான் ஓட்டுற நிலைமையில இல்ல" என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

டெப்போ டாக்டர் சின்னப் பெண். மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இவர் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவர் மாதிரி அந்த நைந்த காகிதத்தை அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு வலிப்பு இல்லம்மா" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "யார் இருக்குன்னா? ஒரே மாத்திரைதான் ஐயா, ரெண்டு வேலைக்கு. உங்களுக்குக் குடுத்தது நரம்பு வலிக்கு. இதை வெச்சா நாலு மாசம் பயந்துட்டிருந்தீங்க?"

"முதல் வரியே அப்படிப் போட்டிருக்கே."

"அஞ்சாவது வரில நரம்பு வலின்னு போட்டிருக்கே. அதுவரைக்கும் படிக்கலையா?"

கூட வந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தழும்பைப் பார்த்தாள். பஞ்சை உருட்டி லேசாகத் தொட்டாள். அவர் துள்ளினார்.

"சின்ன வயசுல அம்மை வந்திருக்கும் உங்களுக்கு. வந்த கிருமி முழுசாப் போகாது, நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்கும். வருஷக்கணக்காத் தூங்கிட்டு, உடம்பு தளர்ற நேரம் பார்த்து எழுந்து ஒரே ஒரு நரம்பு வழியா வெளிய வரும். அதான் பட்டை மாதிரி ஒரு பக்கமா வருது. தோல் ஆறிடுச்சு. உள்ள நரம்பு அடிபட்டுக் கிடக்கு. யாரும் தொடாமலே தொட்டாங்க தொட்டாங்கன்னு மூளைக்குச் சொல்லிட்டே இருக்கு."

அவர் யோசித்தார். "முன்னாடி ஒரு வண்டில ஸ்டாப் மணி பட்டன் உள்ள சிக்கிக்கிச்சு. இறங்குறதுக்கு ஆளே இல்ல, மணி மட்டும் அடிச்சிட்டே வந்துச்சு. அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். இனிமே நானே இதைத்தான் மத்தவங்களுக்குச் சொல்லப்போறேன்."

"வயரைப் பிடுங்கி விட்டேன் அப்ப."

"இதுல பிடுங்க முடியாது. அமைதிப்படுத்தலாம். வாரத்துக்கு ஒண்ணு போட்டா அதுக்கு ஒண்ணுமே உறைக்காது. சின்ன அளவுல ஆரம்பிச்சு, படிப்படியா ஏத்தி, ஒரு அளவுல நிறுத்தணும். முதல்ல தூக்கம் வரும், தலை சுத்தும், உடம்பு பழகப் பழகக் குறையும். நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. மரத்துப்போகச் செய்ற பட்டை ஒண்ணு தர்றேன், தோல்ல ஒட்டிக்கலாம், பாதி நாள் ஒட்டு, பாதி நாள் ஓய்வு. அதுவரைக்கும் வண்டி கிடையாது."

"எதுவரைக்கும்?"

"மருந்து ஒரு அளவுல நின்னு, சொக்கல் போய், பெல்ட்டு போட்டு ஓட்டிக் காட்டுற வரைக்கும்."

"முழுசாப் போயிடுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் மனைவி.

"சிலருக்குப் போயிடும். சிலருக்குக் கொஞ்சம் தங்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா தூங்கவும் சட்டை போடவும் வேலை பார்க்கவும் முடியுற அளவுக்குக் கொண்டுவந்துடலாம். உங்களுக்கும் அம்பது தாண்டிடுச்சுல்ல? இதுக்குத் தடுப்பூசி இருக்கு, வந்து பாருங்க."

டெப்போவில் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பியிருந்தாலே தேவலை என்றார் அவர். குடை நூற்றுப்பத்து, ஒற்றைச் செருப்பு எட்டு, யாருடையதோ பல் செட் ஒன்று. "பல்லை மறந்துட்டு எப்படி இறங்கினான்? வீட்டுல போய் எதை வெச்சு மெல்லுறான்?" என்று சாயங்காலம் நடந்துகொண்டே கேட்பார். முதல் வாரம் மாத்திரை போட்டால் வார்த்தை குழறியது. இரண்டாம் வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினார். மூன்றாம் வாரம் "இது கேக்கல, நிறுத்திடுறேன்" என்று கிளம்பினார். மகள் பேக்கரிக் காகிதத்தில் நாள் நாளாகக் கட்டம் போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, "நிறுத்துங்க பார்ப்போம்" என்று மல்லுக்கு நின்றாள். ஒரு நாள் வலி குறையும், அடுத்த நாள் வட்டியோடு திரும்பும். அந்த நாட்களில் யார்மேல் எரிந்து விழுவார் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை குடை எடுக்க வந்த ஆள்மேல் விழுந்தார்.

ஏழாம் நம்பருக்கு வந்த புது டிரைவர் பிரேக் போடும் அழகில், அவள் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு போனாள். "பஞ்சு எப்பம்மா வருவாரு? இடுப்பு கழண்டுடுச்சு" என்று எல்லாரும் அவளிடம் கேட்டார்கள். வீட்டில் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் காதில் விழாத மாதிரி இருப்பார். கொஞ்சம் கழித்து, "யாரு, அந்த நெட்டை ஆளா கேட்டான்?" என்பார்.

எட்டாம் வாரம் ஒரு சாயங்காலம், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து அவர் ரொட்டியை டீயில் தோய்த்து முழுசாகத் தின்றார். மகளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறக்கவில்லை, கண்பட்டுவிடும் என்று பயம்.

மூன்றாம் மாதம் முடிவில் டாக்டர் கையெழுத்துப் போட்டாள். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார, பெல்ட்டோடு ஊரைச் சுற்றிக் காட்டினார். மனைவி மீதி உள்பட்டில் பஞ்சு திணித்து, பெல்ட் நாடாவில் மாட்டிக்கொள்கிற உறை ஒன்று தைத்துக் கொடுத்திருந்தாள். வலி அடியோடு போய்விடவில்லை. ஓரத்தில் முனகிக்கொண்டுதான் இருந்தது. "இருந்துட்டுப் போகட்டும். ஏறினவன் ஒரு ஸ்டாப்புல இறங்காமலா போயிடுவான்?" என்றார்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் வெயில் கொளுத்தியது. காலையில் அவள் கடைக்கு முந்தின வண்டியில் போய்விட்டாள். பார்க்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் அவர் வந்து, சட்டையைக் கழற்றி, வழக்கம்போல் தொட்டி ஓரம் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நாள் எப்படிப் போயிற்று என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் சட்டையை எடுத்து, கடையில் பிடிப்பதுபோல விளக்குக்கு நேரே பிடித்தாள்.

தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகக் கோடு. அசல் அழுக்கு. வேர்வையும் தூசியும் அப்பி, சாம்பல் நிறத்தில், ஒரு ஆள் நாள் முழுக்கப் பெல்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் என்ன விழுமோ அது. நடுவில், நெஞ்சுக்கு நேராக, அவள் தைத்த உறை இருந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தது. அதற்குக் கீழே கோடு மறுபடி தொடங்கி இடுப்புவரை போயிற்று.

"இப்படியா சட்டையை நாசம் பண்ணுவீங்க?" என்று குளியலறைக் கதவைப் பார்த்து அவள் கத்தினாள். "பச்சைக் குழந்தை தேவலை! யாரு தேய்க்கிறது இதை?"

"நீதான்! வேற யாரு?" என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சோப்பைத் தொட்டு, பிரஷ்ஷை எடுத்தாள். மகள் ரொட்டிப் பையோடு உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, ஏன் அழுறே?"

"கறை பலமா இருக்குடி" என்றாள் அவள், தேய்ப்பதை நிறுத்தாமல்.